150 கோடி யென் கடனும் ஓர் இளஞ்சிவப்பு உருண்டையும்

1992ஆம் ஆண்டு ஜப்பானின் ஹால் லேபரட்டரி என்ற வீடியோ கேம் நிறுவனம் கடன்காரர்களோடு சமரசம் செய்துகொள்ள அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அடைக்க வேண்டிய கடன் 150 கோடி யென். அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்றுதான் அந்த நிறுவனம் உருவாக்கிய சின்னஞ்சிறு கேம் ஒன்று கடைகளுக்கு வந்திருந்தது. பின்னாளில் 50 லட்சத்துக்கும் மேல் விற்ற அந்த கேமின் நாயகன், கையும் காலும் முளைத்த ஓர் உருண்டை. பெயர் கிர்பி.

வெற்றியும் திவாலும் ஒரே ஆண்டில் ஒரே வாசலுக்கு வந்து நின்றன. வேறு நிறுவனமாக இருந்தால் கேமின் உரிமை கைமாறியிருக்கும், ஆட்கள் கலைந்திருப்பார்கள். ஹால் கலையவில்லை. ஆறே ஆண்டுகளில் கடனை அடைத்தது. இன்று நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் கேம் செய்துகொண்டிருக்கிறது. அதன் தலைவராக இருந்தவர் நிண்டெண்டோ நிறுவனத்துக்கே தலைவரானார். இந்த மீட்சியைத் தனியொரு மேதையின் கதையாகச் சொல்வதே வழக்கம். ஆனால், ஹாலின் வேலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அங்கே ஒரு பழக்கம் தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பொருளை முதல்முறையாகக் கையில் எடுப்பவர் எங்கே தடுமாறுவார் என்று தேடி, அந்த இடத்தை முதலில் சரிசெய்யும் பழக்கம் அது. கேம் வடிவமைப்பு, நிரல், நிர்வாகம் என மூன்றிலும் அதைக் காணலாம்.

கடையின் கணினி மூலையில்

1970களின் இறுதியில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் இருந்த சேய்பு பல்பொருள் அங்காடியில் கணினிகளுக்கென்று ஒரு பகுதி இருந்தது. வீட்டுக் கணினி என்பதே அப்போதுதான் பிறந்திருந்தது. வாங்க வசதியில்லாதவர்களும் வந்து மணிக்கணக்கில் தட்டிப் பார்க்கும் இடம் அது. அங்கே அடிக்கடி வந்தவர்களில் ஒருவர், டோக்கியோ தொழில்நுட்பக் கல்வி நிறுவன மாணவர் சதோரு இவாடா. 1959இல் பிறந்து, வடக்கே சப்போரோ நகரில் வளர்ந்தவர். பள்ளி நாட்களிலேயே நிரல் எழுதக்கூடிய ஹெச்பி கால்குலேட்டர் ஒன்றில் பேஸ்பால் விளையாட்டை எழுதி நண்பர்களை விளையாட வைத்தவர். படம் காட்டும் திரை இல்லாத கருவியில், எண்களை மட்டும் வைத்து நடந்த ஆட்டம் அது.

அந்தக் கடைக்கு வந்துபோன கூட்டத்தையும் கடை ஊழியர் ஒருவரின் துணிச்சலையும் முதலாகக் கொண்டு 1980 பிப்ரவரி 21 அன்று ஹால் லேபரட்டரி தொடங்கப்பட்டது. இவாடா முதலில் பகுதிநேர ஊழியர். படிப்பு முடிந்ததும் 1982இல் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டார். நல்ல கல்லூரியில் படித்த மகன் பெயர் தெரியாத சிறு கம்பெனிக்குப் போனதில் தந்தைக்குப் பெரும் வருத்தம். ஆறு மாதம்போல அவர் தன்னிடம் பேசவே இல்லை என்று இவாடா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஹாலின் தொடக்ககாலப் பொருள்களில் ஒன்று கணினியோடு இணைக்கும் ஒரு கருவி. அன்றைய ஜப்பானியக் கணினிகள் பலவற்றின் திரையில் தொழிற்சாலையில் பதித்துவைத்த எழுத்துகளும் குறிகளும் மட்டுமே தெரியும். புதிதாக ஓர் உருவத்தைக் காட்ட வழியில்லை. ஹால் விற்ற கருவி அந்த எழுத்து வடிவங்களை நிரலாளரே மாற்றி வரைந்துகொள்ள இடம் கொடுத்தது. 'அ' வர வேண்டிய கட்டத்தில் ஒரு விண்கலத்தின் பாதியை வரையலாம், அடுத்த எழுத்தின் கட்டத்தில் மறுபாதியை வைக்கலாம். இருக்கிற இயந்திரத்தைத் தூக்கிப் போடாமல், அதன் முட்டுக்கட்டை எங்கே என்று பார்த்து அதை மட்டும் நீக்கும் வேலை. அடுத்த இருபது ஆண்டுகள் ஹால் திரும்பத் திரும்பச் செய்ததும் இதைத்தான்.

மற்றவர்கள் மறுத்த வேலை

1983 ஜூலையில் நிண்டெண்டோ 14,800 யென் விலையில் ஃபேமிகாம் என்ற வீட்டு கேம் கருவியை வெளியிட்டது. அதன் மையச் செயலி 6502 வகையைச் சேர்ந்தது. இவாடா சொந்தமாக வாங்கி வைத்திருந்த கமடோர் பெட் கணினியிலும் அதே குடும்பச் செயலிதான். ஜப்பானிய நிரலாளர்களில் பெரும்பாலோர் வேறு செயலியில் பழகியிருந்தார்கள். ஹால்காரர்களுக்கோ அது ஏற்கெனவே கைவந்த மொழி. நிண்டெண்டோவிடம் போய் வேலை கேட்டார்கள். பின்பால், கோல்ஃப், பலூன் ஃபைட் என்று ஒவ்வொன்றாக வந்தது.

கோல்ஃப் கேமை ஏற்க மற்ற நிறுவனங்கள் தயங்கின. 18 குழிகள், ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம், மேடு பள்ளம், மணல், நீர். இத்தனையும் 30 கிலோபைட்டுக்கும் குறைவான கார்ட்ரிட்ஜில் அடங்க வேண்டும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தில் சிறு துணுக்கு அளவுதான் அது. முடியும் என்று சொல்லி வாங்கிக்கொண்ட இவாடா, தரவைச் சுருக்குவதற்குத் தானே ஒரு முறையை உருவாக்கி 18 குழிகளையும் உள்ளே ஏற்றினார். 1984இல் வெளிவந்த அந்த கேமில் பந்தை அடிக்கும் முறை எளிமையானது. பட்டையில் ஓடும் குறியை ஒரு தட்டலில் நிறுத்தினால் வேகம், அடுத்த தட்டலில் துல்லியம். கோல்ஃப் கட்டையைத் தொட்டே பார்க்காதவர்கூட ஒரு நிமிடத்தில் பழகிவிடலாம். பின்னர் வந்த கோல்ஃப் கேம்கள் பலவற்றில் இந்த முறையின் சாயலே தொடர்ந்தது.

பலூன் ஃபைட்டின் கதை இன்னும் நுணுக்கமானது. பலூன் கட்டிய மனிதன் காற்றில் மிதக்க வேண்டும். திரையின் புள்ளிக் கணக்கில் முழு எண்ணாக நகர்த்தினால் அசைவு வெட்டி வெட்டி வரும். இவாடா ஒரு புள்ளியையும் பல கூறுகளாகப் பிரித்துக் கணக்கிட்டார். திரையில் தெரியாத அந்தப் பின்னங்கள் சேர்ந்து சேர்ந்து ஒரு புள்ளியானதும் உருவம் நகரும். அதனால் மெதுவாக வேகமெடுப்பதும் மெதுவாக நிற்பதும் இயல்பாக அமைந்தன. நிண்டெண்டோவுக்காக நிரல் எழுதிவந்த தோஷிஹிகோ நகாகோ, இவ்வளவு வழுக்கலான அசைவு எப்படி வந்தது என்று கேட்டபோது இவாடா மறைக்காமல் விளக்கினார். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமில் மாரியோ தண்ணீருக்கடியில் நீந்தும் காட்சிக்கு அந்த முறையே உதவியது.

26,000 பிரதிகளை நிறுத்திவைத்த முடிவு

எண்பதுகளின் இறுதியில் ஹால் வளர்ந்தது. சொந்தப் பெயரில் கேம்களை விற்கத் தொடங்கியது. ஃபூஜி மலைக்கு வடக்கே யமனாஷி மாவட்டத்தின் ரியூஓ என்ற ஊரில் மேம்பாட்டு மையம் எழுந்தது. முதலீடு பெருகிய அதே காலத்தில் ஜப்பானின் சொத்துவிலைக் குமிழ் உடைந்தது. 1991இல் வெளிவந்த 'மெட்டல் ஸ்லேடர் குளோரி' போன்ற கேம்கள் ஆண்டுக்கணக்கில் உழைப்பை விழுங்கின. படத்தின் அழகைப் பாராட்டாதவர் இல்லை. செலவை மீட்கத்தான் முடியவில்லை.

இந்த நெருக்கடிக்கு நடுவே ஸ்டூடியோவின் ஒரு மூலையில் மசஹிரோ சகுராய் என்ற இளைஞர் வேலை செய்துகொண்டிருந்தார். 1970இல் பிறந்த அவர் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கான ஒரு திட்டத்தைத் தீட்டியபோது வயது 19. அவரிடம் இருந்த வசதியைக் கேட்டால் இன்றைய நிரலாளர்கள் நம்ப மாட்டார்கள். ஷார்ப் நிறுவனத்தின் ட்வின் ஃபேமிகாம் ஒன்று. விரலால் உருட்டும் ஒரு பந்துக் கருவி. விசைப்பலகை கிடையாது. திரையில் வரைந்த விசைப்பலகையின் மேல் சுட்டியை உருட்டிக்கொண்டு போய், எண்ணையும் எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து தரவை உள்ளிட வேண்டும். கேம் எழுதுவது அப்படித்தான் என்றே அப்போது நினைத்திருந்ததாக அவர் பின்னர் சொன்னார்.

நாயகனின் உருவம் முடிவாகாத நிலையில், வேலை நடக்கட்டும் என்று ஓர் உருண்டையைத் தற்காலிகமாகப் போட்டுவைத்தார் சகுராய். நாளாக ஆக அந்த உருண்டையே எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதையே நாயகனாக்கிவிட்டார்கள். கேம் பாய் திரையில் நிறம் இல்லாததால், சகுராய் மனத்தில் இளஞ்சிவப்பாக இருந்த கிர்பி அமெரிக்கப் பெட்டியின் அட்டையில் வெள்ளையாகவே அச்சாகிப் போனது.

'ட்விங்கிள் போப்போ' என்ற பெயரில் ஹால் இதைச் சொந்தமாக வெளியிட இருந்தது. விளம்பரம் வந்துவிட்டது. கடைகளிலிருந்து 26,000 பிரதிகளுக்கு முன்பதிவும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் நிண்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ கேமைப் பார்த்து, இதைக் கொஞ்சம் செப்பனிட்டால் மிக நன்றாக வரும் என்றார். முன்பதிவுகளை ரத்து செய்து வெளியீட்டை நிறுத்துவது என்று ஹால் முடிவெடுத்தது. விற்பனைப் பிரிவினர் கொதித்துப் போனார்கள். கையில் காசில்லாத நிறுவனம் வருகிற காசை வேண்டாம் என்கிறதே என்ற ஆதங்கம் நியாயமானதுதான். செப்பனிட்ட கேமை நிண்டெண்டோ கிர்பியின் பெயரில் வெளியிட்டது. முதலில் கேட்ட 26,000 எங்கே, பிறகு விற்ற 50 லட்சம் எங்கே! ஏறக்குறைய 200 மடங்கு.

இந்த கேமை ஒருமுறை ஆடிப் பார்ப்பவருக்கு அதன் நோக்கம் புரிந்துவிடும். மாரியோ பள்ளத்தில் விழுந்தால் உயிர் போகும். கிர்பி காற்றை உள்ளிழுத்து உப்பிப் பறக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். குதிக்கத் தவறியவருக்கு இன்னொரு வாய்ப்பு கையிலேயே இருக்கிறது. எதிரியைத் தாக்க விழுங்கித் துப்பினால் போதும். கேம் பாயை வாங்கிய சிறுவர்களில் பலர் வேறெதையும் ஆடிப் பழகாதவர்கள் என்ற எண்ணத்தில் செய்த தேர்வுகள் இவை. தேர்ந்தவர்களையும் சகுராய் மறக்கவில்லை. ஆட்டத்தை முடித்தவருக்கு ஒரு பொத்தான் சேர்க்கை திரையில் காட்டப்படும். அதை அழுத்தித் தொடங்கினால் அதே கேம் கடுமையான வடிவத்தில் விரியும்.

தலைவர் கேட்ட முதல் கேள்வி

கிர்பியின் வருமானம் மட்டுமே கடனைத் தீர்க்கப் போதாது. நிண்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி ஹாலுக்குக் கைகொடுக்க முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: இவாடாதான் தலைவராக வேண்டும். 1993இல் 33 வயதில், நிர்வாகத்தை முறையாகப் படிக்காத ஒரு நிரலாளர் 150 கோடி யென் கடனுள்ள நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார்.

அவர் முதலில் செய்தது ஊழியர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசியது. ஆண்டுக்கு இருமுறை, எண்பது தொண்ணூறு பேருடன். சிலருக்கு இருபது நிமிடம் போதும், சிலருக்கு மூன்று மணி நேரம் ஆகும். வேலையில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்பதே பேச்சின் தொடக்கம். திவால் நிறுவனத்தில் எல்லோரும் பயந்து, யாரும் யாரையும் நம்பாமல் இருக்கும் நேரம் அது. தலைவர் எடுக்கும் முடிவுகளுக்குக் காரணம் தெரியாததாலேயே பாதிக் கசப்பு பிறக்கிறது என்பதை அந்தப் பேச்சுகளில் இவாடா கண்டுகொண்டார்.

நிரல் எழுதும்போது அவர் கற்றதும் இங்கே உதவியது. நிரல் மெதுவாக ஓடினால், நூறு இடங்களில் சிறுசிறு திருத்தம் செய்து பயனில்லை. எந்த ஓர் இடம் மொத்தத்தையும் இழுத்துப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து அதைச் சரிசெய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வேலையில் எல்லோரும் ஓடியாடி உழைத்தாலும், அடைப்பு வேறிடத்தில் இருந்தால் பலன் வராது. நிர்வாகத்தையும் அவர் இப்படித்தான் அணுகினார். தான் செய்தால் விரைவில் முடியும் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும் தலைவராகவும் இருந்தார்.

இரண்டு ஆண்டா, அரை ஆண்டா?

இந்த அணுகுமுறையை மிக நெருக்கத்தில் காட்டுவது 'மதர் 2'. விளம்பர வாசகங்களால் ஜப்பான் முழுக்கப் பெயர் பெற்ற எழுத்தாளர் ஷிகெசாடோ இதோய் உருவாக்கிய கேம் அது. இவாடா மாணவராக நின்று கணினி தட்டிய அதே சேய்பு அங்காடிக்கு இதோய் எழுதிய வாசகங்கள் எண்பதுகளில் நாடெங்கும் பேசப்பட்டவை. நான்கு ஆண்டுகள் உழைத்தும் மதர் 2 முடிவுக்கு வரவில்லை. படமும் இசையும் கதையும் தனித்தனியே சிறப்பாக இருந்தன. ஒன்றுசேர்த்தால் ஓடவில்லை.

உதவிக்கு வந்த இவாடா பார்த்துவிட்டு இரண்டு வழிகளைச் சொன்னார். இருப்பதையே திருத்திக்கொண்டு போனால் இரண்டு ஆண்டு ஆகும். நிரலைப் புதிதாக எழுத அனுமதித்தால் அரை ஆண்டு போதும். முடிவை மட்டும் அவர்களிடமே விட்டுவிட்டார். வெளியிலிருந்து வந்தவர் தங்கள் உழைப்பைக் குப்பையில் போட்டுவிட்டதாக யாரும் மனம் குமையக் கூடாது என்பதே அதற்குக் காரணம். குழு இரண்டாவது வழியைத் தேர்ந்தது.

அவர் முதலில் கேமை எழுதவில்லை, கேம் செய்பவர்களுக்கான கருவிகளை எழுதினார். அதுவரை ஒரு வசனத்தை மாற்றவோ வரைபடத்தில் ஒரு வீட்டை நகர்த்தவோ நிரலாளருக்காகக் காத்திருக்க வேண்டும். புதிய கருவிகள் வந்தபின் ஓவியரும் எழுத்தாளரும் தாங்களே மாற்றி, தாங்களே ஓட்டிப் பார்க்க முடிந்தது. அடைப்பு நீங்கியதும் நான்கு ஆண்டு உழைப்பும் சேர்ந்து பாய்ந்தது. ஏற்கெனவே செய்த படங்களும் இசையும் வீணாகவில்லை. சில மாதங்களில் முழு ஆட்டமும் ஓடியது. மெருகேற்ற இன்னும் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டு, 1994 ஆகஸ்ட் 27 அன்று மதர் 2 வெளிவந்தது. ஜப்பானிய கேம்களில் தலைமுறை கடந்து பேசப்படும் படைப்புகளில் ஒன்றாக அது இன்றும் நிற்கிறது.

போக்கிமானிலும் இதே கதை. 1996இல் கேம் பாயில் வெளிவந்து புயலாகப் பரவிய போக்கிமானின் சண்டைமுறையை நிண்டெண்டோ 64 கருவிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சண்டை எப்படி இயங்குகிறது என்று விளக்கும் ஆவணம் ஏதும் இல்லை. இவாடா மூல நிரலை வரி வரியாகப் படித்து, ஒரு வாரம்போல எடுத்துக்கொண்டு அதை மாற்றி எழுதிவிட்டார். அந்தச் சண்டை நிரலைப் பாடுபட்டு எழுதிய கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் ஷிகெகி மோரிமோட்டோ, இவர் என்ன மாதிரியான கம்பெனித் தலைவர் என்று வியந்ததைப் பிற்காலத்தில் இவாடாவின் முன்னிலையிலேயே நினைவுகூர்ந்தார். 1999இல் வந்த போக்கிமான் கோல்ட், சில்வர் கேம்களில் படங்களைச் சுருக்கும் கருவியும் இவாடா தந்ததே.

வார இறுதியில் பிறந்த சண்டை

கடனை அடைத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் ஹாலின் இன்னொரு பெரும் படைப்பு பிறந்தது. விளையாட்டுக் கூடம் ஒன்றில் 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95' ஆடிய சகுராய், எதிரே உட்கார்ந்தவரைத் தொடர் அடியால் துவைத்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஓர் இளம் ஜோடி, ஆட்டத்துக்குப் புதியவர்கள். அவர்கள் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. சண்டை கேம்கள் வல்லவர்களுக்கு மட்டுமான களமாகிவிட்டன என்ற எண்ணம் அவரை உறுத்தியது.

நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஒரு சண்டையை அவர் வரைந்தார். உயிர்ப்பட்டை கிடையாது. அடிபட அடிபடச் சேதத்தின் சதவீதம் ஏறும். ஏற ஏற அடுத்த அடியில் அதிகத் தொலைவு பறந்து விழுவார்கள். மேடையை விட்டு வெளியே போனால் தோல்வி. நீண்ட பொத்தான் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். தோற்கும் நிலையில் இருப்பவரும் ஒரு நல்ல தள்ளலில் மீளலாம். ஸ்டூடியோ இருந்த ஊரின் பெயரையே வைத்து முன்மாதிரிக்கு 'ரியூஓ' என்று பெயரிட்டார்கள். சகுராய் வடிவமைக்க, நிறுவனத்தின் தலைவரான இவாடா வார இறுதி நாட்களில் உட்கார்ந்து நிரல் எழுதினார்.

முகமற்ற பாத்திரங்கள் சண்டை போட்டால் யாருக்கும் ஒட்டாது என்று தோன்றியதும், நிண்டெண்டோவிடம் கேட்காமலேயே அதன் பாத்திரங்களான மாரியோ, டாங்கி காங், சாமஸ், ஃபாக்ஸ் நால்வரையும் முன்மாதிரிக்குள் கொண்டுவந்தார் சகுராய். ஆடிக் காட்டிய பிறகே அனுமதி கேட்டார்கள். 1999 ஜனவரியில் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' வெளிவந்து உலகெங்கும் 50 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஹாலின் கடனும் அந்த ஆண்டோடு தீர்ந்தது.

2000இல் இவாடா நிண்டெண்டோவுக்குப் போனார். அடுத்த ஆண்டு ஸ்மாஷ் வரிசையின் இரண்டாம் பாகமான 'மெலீ', கேம்கியூப் கருவிக்கு நேரத்தில் முடியாது என்ற நிலை. பெரிய நிறுவனத்தின் இயக்குநர் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இவாடா யமனாஷிக்குத் திரும்பினார். மூன்று வாரங்கள்போல உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய நிரலைப் படித்துப் பிழைகளைக் களைந்தார். 2001 நவம்பரில் கேம் கடைக்கு வந்தது. நிரலாளராக அவர் களத்தில் இறங்கி வேலை செய்தது அதுவே கடைசி. 2002 மே மாதம் நிண்டெண்டோவின் தலைவரான அவர், 2015 ஜூலை 11 அன்று 55 வயதில் மறைந்தார்.

இருவரும் போன பிறகு

இவாடா போன மூன்றாம் ஆண்டில் சகுராயும் விலகினார். ஹாலின் உண்மையான சோதனை அதற்குப் பிறகே தொடங்கியது. 2000இல் வந்த 'கிர்பி 64'க்குப் பிறகு, வீட்டுக் கருவிக்கான அடுத்த நேரடிக் கிர்பி சாகசம் வெளிவர 2011 ஆனது. இடையில் மூன்று முயற்சிகளைத் தொடங்கிக் கைவிட்டார்கள். கைவிட்ட முயற்சிகளைக்கூடப் பின்னர் பொதுவில் எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று சேராமல் போயிருந்தது: ஒன்றில் நான்கு பேர் ஆடும் சுகம் கிடைத்தாலும் தனியாக ஆடுபவருக்குச் சுவையில்லை, வேறொன்றில் முப்பரிமாணத்தில் கிர்பியைச் சரியாக இயக்க முடியவில்லை.

முப்பரிமாணத்தில் ஏன் சிக்கல்? உருண்டைக்கு முதுகு கிடையாது. பின்னாலிருந்து பார்த்தால் கிர்பி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாது. ஆழத்தைக் கணிக்கத் தெரியாத குழந்தை எதிரியைக் குறிதவறித் தாக்கும், தரையைத் தொட்டுவிட்டதாக நினைத்துப் பொத்தானை முன்கூட்டியே அழுத்தும். 2022 மார்ச் 25 அன்று வெளிவந்த 'கிர்பி அண்ட் த ஃபர்காட்டன் லேண்ட்' இதற்குச் சொன்ன விடையை, ஷின்யா குமாசாகி உள்ளிட்ட மேம்பாட்டாளர்கள் நேர்காணலில் விளக்கினார்கள். அடி உண்மையில் படாவிட்டாலும், கேமரா இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் பட்டதுபோலத் தெரிகிறதா? அப்படியானால் பட்டதாகவே கணக்கு. தரைக்குச் சற்று மேலே இருக்கும்போதே பொத்தான் அழுத்தினாரா? ஆடுபவர் மனத்தில் அவர் தரைக்கு வந்துவிட்டார். ஆகவே அதை மிதப்பாக எடுக்காமல் புதிய குதிப்பாகவே கேம் எடுத்துக்கொள்ளும். ஆடுபவருக்கு இந்தச் சலுகை தெரியவே தெரியாது. தன் கை நன்றாகப் பழகிவிட்டது என்றே நினைப்பார்.

இயந்திரத்தின் கணக்கைவிட ஆடுபவரின் கண்ணுக்கு முதலிடம் கொடுக்கும் இந்த முடிவு, பலூன் மனிதன் வெட்டாமல் மிதக்க வேண்டும் என்று புள்ளியைக் கூறுபோட்ட 1985இன் முடிவோடு நேர்க்கோட்டில் நிற்கிறது. எழுதியவர்கள் வேறு, கருவிகள் வேறு, கையிலிருக்கும் நினைவகம் பல லட்சம் மடங்கு பெரியது. 'ஃபர்காட்டன் லேண்ட்' வந்த ஆண்டிலேயே 60 லட்சத்தைத் தாண்டி விற்று, கிர்பி வரிசையின் பழைய சாதனைகளை முந்தியது. முதல் கிர்பியை ஆடிய சிறுவர்கள் இன்று பெற்றோர்கள். இந்த கேமில் இரண்டாமவராகச் சேர்ந்து ஆடுவதற்கென்று ஒரு துணைப் பாத்திரமும் இருக்கிறது. அதனால் பிள்ளைகளோடு அவர்களும் கட்டுப்பாட்டுக் கருவியை எடுக்க முடிகிறது. டோக்கியோவிலும் யமனாஷியிலும் ஹாலின் மேம்பாட்டுப் பணிகள் தொடர்கின்றன.